ஆறரைக்கு அணைக்க வேண்டும்

வருஷத்தில் ஒரே ஒரு நாள்
ஊரை இருட்டாக்கச் சம்பளம் எனக்கு.
மற்ற நாளெல்லாம் பல்பு போன கம்பங்களில்
ஏணி சாய்க்கிறவன்.

நவம்பர், இரண்டாம் சனி.
சூரிச் ஏரி மூடுபனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு
மூன்று மணிக்கே படுத்துவிட்டது.

அதற்கு முந்தைய புதனன்று
மழலையர் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு:
பெற்றோர் ஒருவர், கரண்டி ஒன்று, பழைய சட்டை.

மேசை நீளத்துக்கும் டர்னிப் கிழங்கு.
மேலே ஊதா, கீழே வெள்ளை,
வாலில் இன்னும் ஈர மண்.
கொண்டையைச் சீவி மூடியாக எடுத்து வைத்துவிட்டு
உள்ளே குடைந்தேன்.
முள்ளங்கிக்குத் தூரத்துச் சொந்தம் போல ஒரு நெடி
கண் வரைக்கும் ஏறியது.
ஃபாத்ரி குடைந்ததையெல்லாம் தின்றான்.
யோரினா குடைந்து குடைந்து
பக்கவாட்டில் ஓட்டையே போட்டாள்;
அழுவாள் என்று பார்த்தால்
அதற்குள் ஒற்றைக் கண்ணை வைத்து
"உங்க மூக்கு தெரியுது" என்றாள்.

சுவர் உங்கள் சுண்டுவிரல் கனம் இருக்கட்டும்,
கூடினால் வெளிச்சம் வராது,
குறைந்தால் கிழங்கு நிற்காது
என்றார் ஓடர்மாட் டீச்சர்.
இவ்வளவு தெளிவான விதிமுறை ஒன்றை
எங்கள் மின் அலுவலகம்
இன்னும் எழுதவில்லை.

கை வேலை செய்யும்போதே வாய்க்குப் பாட்டு.
நாலு படி ஏறி நாலு படி இறங்கும் மெட்டு:
குட்டிச் சுடரே, குனிந்து நட,
காற்று நம்மைப் பார்க்கவில்லை.
மூன்றாம் வரியில் கை தட்ட வேண்டும்.
விளக்குப் பிடித்த கையால் எப்படித் தட்டுவது
என்று யாரோ கேட்க,
டீச்சர் ஒரு நொடி யோசித்து
காலைத் தரையில் உதைத்தார்.
அன்றிலிருந்து மூன்றாம் வரிக்குச் சொல்லே கிடையாது,
தொம் தொம் மட்டும்.

பிறகு தோலைச் சுரண்டி உருவம் எடுக்கிற வேலை.
எல்லாருக்கும் நட்சத்திரம், எல்லாருக்கும் பிறை,
ஒருவனுக்கு டிராக்டர்.
என் மகள் லடீனா சொன்னாள்:
"நீ செய்யிற வேலையை வெட்டு."
"நான் என்ன செய்யறேன்?"
"அணைக்கிறே."

அணைப்பதை எந்தக் கத்தியால் வெட்டுவது?
தெருவிளக்கு ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தேன்.
குடையா என்று மூன்று பேர் கேட்டார்கள்.
ஆமாம் என்று தலையாட்டினாள் துரோகி.

சனி, ஆறரை.
தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால்
மின்மாற்றி அறையில் சிவப்புப் பிடியை இறக்கினேன்.
தேவாலயத் தெரு போனது. பாலம் போனது.
படகுத்துறை கடைசியாக, மனசில்லாமல்.

எப்போதும் நான் பார்ப்பது இவ்வளவுதான்.
ஊர்வலம் என் சுவருக்கு அந்தப் பக்கம் போகும்.
இந்த முறை பாட்டுக்கு முன்பே கால்கள் வந்தன:
தொம் தொம்.
கதவைத் திறந்தேன்.
குச்சிக் குச்சியாய், மூன்று மூன்று நூலில்,
ஊதாச் சிவப்பு வெளிச்சங்கள்
தரைக்கு ஒரு முழம் மேலே நடந்து போயின.
நெடி இப்போது வெந்து
ஏதோ சூப் மணமாகியிருந்தது.

வரிசையிலிருந்து ஒரு இருட்டு மட்டும் பிரிந்து
நேரே என்னிடம் வந்தது.
கையில் அவிந்த கிழங்கு.
"என்னோடதையும் அணைச்சிட்டியா?"

பத்தொன்பது வருஷ மின் வேலைக்காரன்,
சட்டைப் பையில் ஒரு தீக்குச்சி இல்லை.
காற்றும்மா, நான் இல்லை, என்றேன்.
காற்றுக்குத்தான் நம்மைத் தெரியாதே, என்றாள்.
பாட்டைச் சாட்சிக்கு இழுத்தால் என்ன சொல்வது?

யோரினா திரும்பி வந்தாள்.
அவள் கிழங்கின் ஓட்டை வழியே
காகிதச் சுருள் ஒன்றை நுழைத்து
நெருப்பை வெளியே எடுத்தோம், மூன்று பேரும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
குடை பற்றிக்கொண்டது.
இல்லை, கம்பம். அணைக்க முடியாத ஒரே கம்பம்.
என் கதவை விட்டு அது நடந்தே போனது.

ஏழே முக்காலுக்கு ஊருக்கு வெளிச்சம் தந்திருக்க வேண்டும்.
பதிவேட்டில் எழுதினேன்:
தாமதம், ஏழு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
ஏற்கெனவே ஒரு சொட்டு மெழுகு.
அதன் மேல் பேனா ஓடவில்லை.