அசைந்தால் எரியும்

கொம்பனித்தெருவில் எங்கள் கந்தோருக்குப்
பச்சைக் கட்டடம் என்று சான்றிதழ் உண்டு.
ஆள் அசையாவிட்டால்
ஏழாம் நிமிடம் விளக்கு தானாய் அணையும்.

இரவு ஒன்பதே முக்கால்.
நிலைபேறு அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில்
இருள்.
நிற்காத பஸ்ஸை மறிக்கிறவள் போலக்
கையைத் தூக்கி ஆட்டுகிறேன்.
வெளிச்சம் வருகிறது.
இருக்கிறேனாம்.

தாளில் மிச்சம் பிடித்தது இருபத்திரண்டு வீதம்,
தண்ணீரில் ஒன்பது.
ருஸ்னாவில் எவ்வளவு என்று கேட்க
அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை.

டிசம்பரில் மூன்று பேரின் வேலை
அவள் ஒருத்தியின் மேசைக்கு வந்தது.
பெப்ரவரியில் ஒருநாள் கழிவறையில்,
கை நீட்டினால் மட்டும் ஓடும் அந்தக் குழாயின் கீழ்
ஒரு கையைப் பிடித்தபடியே நின்று அழுதாள்,
சத்தம் வெளியே கேட்காதிருக்க.
பிறகு தினமும்.
அடுத்த கதவுக்குள் நான் இருந்தேன்.

அந்த மாதம் தண்ணீர்க் கணக்கு கொஞ்சம் எகிறியது.
காரணம்: கசிவு.
நான்தான் எழுதினேன்.

இப்போது அவள் மேசைக்கு மேல் விளக்கு எரிவதேயில்லை.
அதையும் சேமிப்பில் சேர்த்திருக்கிறோம்.

பெப்ரவரிக்குத் திரும்பிப் போய்
அந்தச் சொல்லை அழிக்கிறேன்.
வெறும் கட்டத்தில் கோடு ஒன்று துடித்துத் துடித்து நிற்கிறது.

திறக்க முடியாத கண்ணாடிக்கு அப்பால்
பேரை வாவி, பாணந்துறை ரயில்.
அதில் நான் போயிருக்க வேண்டும்.

மறுபடி இருள்.
கையை ஆட்டவில்லை.
போனின் சின்ன வெளிச்சத்தில்
அவள் பெயரைத் தேடி அழுத்துகிறேன்.

மணி போகிறது.