சிம் போடாத காமில்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால்
ரொட்டிக்கடை மாடி. சனிக்கிழமை, இரவு ஒன்பதரை.
கீழே அடுப்பு எரிவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பு.
நாலு பேர், ஆறு போன், ஒரு சாலிடரிங் கம்பி.
கொசுவர்த்திப் புகையும் ஈயப்புகையும் ஒன்றாகச் சுருளும்.

பகலில் நான் நெல்லித்தோப்பில் உடைந்த கண்ணாடி மாற்றுகிறவள்.
"நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் திடீர்னு மெதுவாச்சு?"
கம்பெனி கைகழுவிவிட்டது என்றால்
என் கையைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுச் சந்தையில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய போன் அது.
பூட்டைத் திறக்க ஒன்பது வாரம்.
திறந்த நாளிலிருந்து, ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும்
கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்து:
இந்தக் கருவியை இனி நம்ப முடியாது.
முகுந்தன் சிரித்தான்.
"நம்மளுது ஆனதும் நம்ப முடியாதாம்."

முதலில் கேமராவில் கடல் தலைகீழாக விழுந்தது.
செலின் மூன்று வாரம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினாள்.
பிறகு ஒலி வந்தது, பிறகு தமிழ் எழுத்து கொம்பும் காலும் பிரியாமல் நின்றது.
எந்த வரியையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம்,
திருத்தியதைத் தெருவுக்கே கொடுக்கலாம்.

மிச்சம் ஒரே ஒரு சில்லு.
மோடம். சுண்டுவிரல் நகமளவு.
டவரோடு அது தனியாகப் பேசிக்கொள்ளும்,
என்ன பேசியது என்று நமக்குச் சொல்லாது.
நாம் கட்டிய வீட்டில் ஓர் அறை:
வாடகை வருவதில்லை, சாவி இல்லை,
உள்ளே இருப்பவர் பெயரும் தெரியாது.

"அது திறக்கிறவரைக்கும் நான் சிம் போடமாட்டேன்"
என்றான் காமில்.
மின்துறையில் மீட்டர் படிக்கிறவன், காரைக்கால்காரன்.
எண் தெரியாத மீட்டருக்கு யார் காசு கட்டுவார்கள் என்பான்.
கட்டற்ற போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
புதுச்சேரியிலேயே எட்டாத ஆளாகத் திரிந்தான்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்,
பன்னிரண்டு நாள் முன்னதாக ஜெசீமாவுக்கு வலி.
எல்லைப்பிள்ளைச்சாவடி பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து
அவள் கூப்பிட்டது என்னை.
"அக்கா, அவர் எந்தத் தெருவுல இருக்காருன்னு தெரியுமா?"

தெரியாது. ஸ்கூட்டரை எடுத்தேன்.
வைத்திக்குப்பத்தில் ஒரு கம்பிக்கதவில் செருகிய பில்,
அச்சான நேரம் 10.52.
அடுத்த சந்தில் 11.07.
சோலைநகர் திரும்பியதும் 11.20, மழையில் மை கரைந்து.
பில் பில்லாகப் பிடித்துக்கொண்டே போனேன்.
11.31-இல் ஒரு மாடிப்படிக்கு அடியில்
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி நின்றான்.

அவன் கழுத்தில் தொங்கிய இலாகா மெஷினுக்குள்
சிம் இருந்தது.
அவன் எங்கே நிற்கிறான் என்று ஆபீசுக்குத் தெரியும்.
பெண்டாட்டிக்குத்தான் தெரியாது.
இதை நான் சொல்லவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து
அவனே சொன்னான், ரெட்டியார்பாளையம் சிக்னலில்.
பச்சை விழுந்தும் நான் கொஞ்சம் தாமதித்தேன்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டான் என்று நினைத்தோம்.
வந்தான். மேசையில் இரண்டு போன் வைத்தான்.
ஒன்று நம்முடையது, இன்னும் சிம் இல்லாமல்.
இன்னொன்று பொத்தான் போன், தொள்ளாயிரம் ரூபாய்,
தலை முதல் கால் வரை பூட்டியது.
"இது என்னோடது இல்ல. ஜெசீமாவோடது. நான் தூக்கிட்டுத் திரியறேன்."
செலின் ஏதோ சொல்ல வாய் திறந்தாள்,
முகுந்தன் அவள் காலை மிதித்தான்.

பத்தே காலுக்குப் பொத்தான் போன் அடித்தது.
மேசை முழுக்க அதிர்ந்தது, திருகாணிகள் உருண்டன.
"எந்த டப்பா? நீலமா பச்சையா? சரி."
எழுந்தான். மருந்துக்கடை பதினொன்றுக்குச் சாத்திவிடும்.
போகும்போது ஒரு தாளை என்னிடம் தள்ளினான்:
மோடத்தின் கால்கள், பென்சிலில், அறுபத்துநான்கு,
அவற்றில் பதினேழுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.
போன மாதம் இருபத்திரண்டு இருந்தது.