குப்பைத்தொட்டியைக் காலி செய்யும் முன்

குத்தாய்சி பேருந்து நிலையத்தின் பின்வாசலில்
செருப்புக்கடைக்கும் ரொட்டி அடுப்புக்கும் நடுவே
என் மேசை. மூன்றடி அகலம்.
இங்கே வரும் மடிக்கணினிகளில் பாதிக்கு
நோயே கிடையாது, தூக்கம்தான் இல்லை.
பதினெட்டு நாளாய் அணைக்காமல்
மூடியை மட்டும் மூடியிருப்பார்கள்.
அணை. பத்து எண்ணு. போடு.
இதற்குக் காசு வாங்கக் கூச்சம்தான்,
ஆனாலும் வாங்குகிறேன்.

"வீட்டில் சிக்னலே இல்லை மாக்வாலா" என்பாள் பூக்காரி லியானா,
ரவுட்டரைக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு.
அது என்ன கள்ளச் சாராயமா, ஒளித்து வைக்க?
அலமாரி மேல் வை, மூச்சு விடட்டும்.
கடவுச்சொல்லைத் திரையின் நெற்றியில் ஒட்டாதே;
ஒட்டியே தீர வேண்டுமென்றால்
மாவு டப்பாவின் உள்மூடியில்.
திருடன் ரொட்டி சுட வரமாட்டான்.
பேட்டரிக்கு வயிறு உப்பினால் சார்ஜரைப் பிடுங்கு,
ஊசியால் குத்திப் பார்க்காதே.
தாது குத்தினான்.
அவன் புருவம் இன்னும் முளைத்து முடியவில்லை.

இத்தனையும் சொல்கிற வாய்தான்
போன நவம்பரில் ஒன்றைக் கேட்க மறந்தது.

அவ்தாந்தில். கிரேன் ஓட்டுகிறவர்.
எட்டு மணி நேரம் வானத்தில் தனியாக இருந்துவிட்டு
இறங்கி வருகிறவர்களுக்குப் பேச்சு குறைவு.
"மெதுவாகிவிட்டது" என்று வைத்துவிட்டுப் போனார்.
திறந்தேன். வட்டில் ஊசி நுழைய இடமில்லை.
குப்பைத்தொட்டியில் மட்டும் பதினொரு ஜிகாபைட்.
காலி செய் என்றேன். உறுதியா என்றது.
உறுதி என்றேன்.
பிறகு புதுப்பிப்புகளை இறக்கினேன்,
விசிறியின் தூசி துடைத்தேன்,
என்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

மாலையில் திறந்து பார்த்தவர் கத்தவில்லை.
"அதில் நாயிரா இருந்தாள்" என்றார்.

பாரி நகரில் யாரோ ஒரு முதியவரைக்
குளிப்பாட்டிச் சோறூட்டும் மனைவி.
ஏழு வருடமாய் அவள் அனுப்பிய குரல்கள்:
தக்காளி விலை, முழங்கால் வலி,
கடல் இன்று என்ன நிறம்.
மகனுக்கும் அதே கணினி. அவன் கண் படாத இடம் எது?
"குப்பையை யார் கிளறுவார்கள் என்று நினைத்தேன்."

அழிந்ததென்று தெரிந்த நொடியில்
கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.
வட்டில் புதிதாய் ஓர் எழுத்தும் விழக்கூடாது.
அழித்தது அப்போதே போய்விடுவதில்லை;
தன்மேல் வேறொன்று வந்து உட்காரும்வரை
பெயரில்லாமல் அங்கேயே கிடக்கும்.
நானோ கல்யாணத்துக்கு ஊரையே அழைத்ததுபோல்
புதுப்பிப்புகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தேன்.

மூன்று இரவுகள் மீட்பு நிரல் ஊர்ந்தது.
அப்படிக் காத்திருக்கையில் நான் பார்ப்பது ஒன்றுண்டு:
ரயில் ஓட்டுநரின் கண்ணாடி வழியே பனி.
ஏழு மணி நேரம். பேச்சில்லை, இசையில்லை.
ஒலியை மூன்றில் வை, வெளிச்சத்தைப் பாதியாக்கு,
அடுத்த படம் தானாக ஓடுவதை மறக்காமல் நிறுத்து;
இல்லாவிட்டால் விடியும்போது யாரோ உனக்கு
வாணலி விற்றுக்கொண்டிருப்பார்கள்.
பனி பிடிக்காத இரவுக்குச் சீட்டாட்டம்,
மூலையிலுள்ள கடிகாரத்தை மறைத்துவிட்டு.

இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று நாற்பது திறந்தன.
பெயர்கள் போய் எல்லாம் எண்களாகியிருந்தன.
எது எந்த வருடமென்று அவர்தான் கேட்டுச் சொல்லவேண்டும்.
சில நடுவில் முறிந்தன: "அவ்தோ, இன்று கடல்—"
மீதி எழுபத்திரண்டுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை.
காசு வாங்கவில்லை. அவர் வற்புறுத்தவுமில்லை.

இரண்டு பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தேன்,
ஒன்று வீட்டுக்கு, ஒன்று கிரேன் கூண்டுக்கு.
கோப்புறைக்குப் பூட்டுப் போடக் காட்டினேன்.
வேறென்ன தருவதென்று தெரியாமல்
ரயிலின் முகவரியையும் துண்டுச்சீட்டில் எழுதினேன்.

பிப்ரவரியில் வந்தார், சார்ஜர் முள் வளைந்துவிட்டதாம்.
பார்த்தேன்: குப்பைத்தொட்டியில் ஒன்பது புதுக் குரல்கள்.
தொடவில்லை.

போகும்போது நின்று கேட்டார்:
"நாலாம் மணி வரை பார்த்தேன்.
அந்த ரயில் கடைசியில் எந்த ஊருக்குப் போகிறது?"

தெரியாது அவ்தாந்தில்.
ஒவ்வொரு முறையும் அந்த நீளச் சுரங்கத்தில்
நான் தூங்கிவிடுகிறேன்.