மூன்றில் ஒருவர்

வால்டிவியாவில் பதினோராம் நாளாக மழை.
நூலகத்தின் இரண்டாம் தளத்தில்
ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியை
எனக்கு முன்பே யாரோ பிடித்துவிட்டார்கள்.
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடற்சிங்கங்கள் குரைப்பது
மூடிய ஜன்னலையும் தாண்டி வருகிறது.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
'வருக, மில்லாராய்' என்றது தரவுத்தளம்.
காலையிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு.

கல்புகோவில் சிப்பி உரிக்கும் ஓர்லாந்தினா
தன் நோவுக்கு வைத்திருக்கும் பெயர் கொள்ளிக்கை.
அதையே தட்டினேன்.
முடிவுகள்: 0.
எழுத்துப்பிழை இருக்குமோ என்று
மரியாதையாகக் கேட்டது.
இத்தனை ஆயிரம் ஆய்விதழ்களில்
ஒரு கையும் எரிந்ததில்லை போலும்.

பிறகு அதன் பாஷைக்கு மாறினேன்.
மணிக்கட்டு. நரம்பு அழுத்தம்.
திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு.
கடலுணவு, அல்லது ஓடுள்ள உயிரி.
சொல்லின் வாலை நறுக்கி நட்சத்திரக் குறி ஒட்டினேன்,
எந்த விகுதியோடு வந்தாலும் மாட்டட்டும் என்று.
41,806.
நண்டுக்கு வரும் நோய், நண்டால் வரும் ஒவ்வாமை,
நண்டைப் பார்த்துச் செய்த இயந்திரக் கை.
'அல்லாமல்' போட்டு இயந்திரங்களை வெளியேற்றினேன்.
'அல்லாமல்' போட்டு நண்டுகளையும்.
கூடவே பாதிப் பெண்களும் போய்விட்டார்கள்;
பதறிக்கொண்டு திரும்ப அழைத்தேன்.

இருட்டுவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதில் பத்தொன்பதில் ஒரே வாக்கியம்,
சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு:
உரிக்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு
வலது மணிக்கட்டில் பாதிப்பு.
வாக்கியத்தின் தோளில் ஒரு சின்ன எண்.
எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
2016, 2003-ஐக் கைகாட்டியது.
2003, 1991-ஐ.
1991, தெருக்கோடி வீட்டைக் காட்டுவதுபோல
1978-ஐ.
அந்த வீடு பூட்டியிருந்தது.
ஐந்து வரிச் சுருக்கம் மட்டும் வாசலில் கிடந்தது.
உள்ளே போக நாற்பத்திரண்டு டாலர்.

வேறு நூலகத்திலிருந்து இரவல் கேட்கும் படிவம்
நிரப்பினேன். ஒன்பது நாள்.
இடையில் மழை ஒருமுறை நின்றது,
ஹீட்டர் நாற்காலி ஒருமுறை கிடைத்தது.

பத்தாம் நாள், பூண்டா அரேனாஸிலிருந்து
கோணலாகப் பிடித்த ஒளிநகல், பதினோரு பக்கம்.
அறுபத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில்
நகலெடுத்தவரின் கட்டைவிரல்,
பிளாஸ்டர் சுற்றியது.
இவ்வளவு தேடியதில்
நான் கண்ட முதல் கை அதுதான்.

விரலுக்குப் பக்கத்தில்:
'எண்ணிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.
மூன்றில் ஒருவர் இருக்கலாம் என்றார் மேற்பார்வையாளர்.
சொல்லும்போது தன் வலது மணிக்கட்டைத்
தொட்டுக் காட்டினார்.'

நான் வாய்விட்டுச் சிரித்ததில்
ஹீட்டர் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தான்.
அவனிடம் எப்படிச் சொல்வது,
நாற்பது வருடமாக ஒரு மேற்பார்வையாளர்
தன் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டே நிற்கிறார் என்று.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருந்து மாறிக் கல்புகோ.
ஓர்லாந்தினா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார்.
"உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது, என் கையைப் பத்தி?"
முதலில் பூஜ்யம் சொன்னது என்றேன்.
அப்புறம் வலது மணிக்கட்டு, மூன்றில் ஒருவர் என்றேன்.
"வலதா?"
கத்தி பிடித்த கையைத் தூக்கிக் காட்டினார்.
"இதுக்கு ஒண்ணுமில்ல. இது சும்மா வெட்டுது.
ஐஸுக்குள்ள விட்டு எடுத்து, விடாமப் பிடிக்கிறது இது."

இடது கை.
நகக்கண்வரை ஊதாவாய்.

பெஞ்சில் அடுத்து நின்றவர் கையுறையைக் கழற்றினார்.
அவருக்கு அடுத்தவரும்.
நோட்டைத் திறந்து நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.
நனைந்த தாளில் பேனா ஓடவில்லை.
பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன்.