பாகல் வற்றல், வெள்ளியில்

அக்கரைப்பேட்டையில் கணவாய் ஓடு சும்மா கிடைக்கும்.
"லவ் பேர்ட்ஸ் வளக்குறீங்களா?" என்றார்
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்.
ஆமாம் என்றேன்.
நகை வார்க்கப் போகிறேன் என்று
மின்வாரியக் கவுன்டர்க்காரி எப்படிச் சொல்வது.

ஓட்டை இரண்டாக அறுத்து உப்புத்தாளில் தேய்க்கணும்.
சேர்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் வரக்கூடாது.
வந்தது.
மறுபடி தேய்த்தோம்.
ருக்கையாவின் பர்தா முழுக்க வெள்ளை மாவு,
புட்டுக்கு இடித்தவள் மாதிரி.

அச்சுக்கு எதை வைப்பது?
வீட்டுக்கு வாங்கியிருந்த பாக்கெட்டைப் பிரித்து
பாகல் வற்றல் ஒன்றை நீட்டினாள்.
கட்டைவிரலால் அழுத்தினால்
ஓடு வாங்கிக்கொள்கிறது
ஒவ்வொரு பல்லையும்.

வெள்ளி, என் ஒற்றைக் கொலுசு.
ஜோடியைச் சில்லடியில் அலை கழற்றிப்போய் நாலு வருஷம்.
கடைக்காரன் சேதாரம் கழித்துச் சொன்ன விலைக்குக்
கடலே தேவலை என்று வைத்திருந்தேன்.

மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியின் மறைவு.
காற்று டார்ச்சின் நாக்கை வளைக்கிறது.
வெங்காரம் பொங்கி அடங்க
மூசைக்குள் கண்ணிகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கூசி,
சட்டென ஒரே சொட்டு.
நடுங்குகிறது.
ஊற்று என்றாள். ஊற்றினேன்.

கருவாடும் மயிரும் சேர்ந்து கருகிய நாற்றம்.
கீழ்வீட்டு சகாயமேரியின் குரல்:
"யாருக்கா அடுப்ப மறந்தது?"

திறந்தால் கழுத்திலேயே உறைந்திருந்தது.
சித்திரையில் கடுவையாற்று முகத்துவாரம் மாதிரி,
வாயில் மேடு,
உள்ளே வர முடியாத படகு.
ஒரு ஓட்டுக்கு ஒரு ஊற்றுதான், கருகிவிடும்.
அடுத்த ஓட்டில் வாயை அகலமாக்கினோம்.
அப்போதும் பாதியில் நின்றது.

மூன்றாவதில் ருக்கையா
ஊசியால் நாலைந்து கோடு கீறினாள், அச்சிலிருந்து மேல்நோக்கி,
உள்ளிருக்கும் காற்று கிளம்பிப் போக.
இவ்வளவு நேரம் நாங்கள்
வெள்ளியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

வந்தது. முழுசாக இல்லை, ஒரு பல் குறைச்சல்.
ஆனால் அதன்மேல் பாகலுக்கில்லாத வரிகள்,
கணவாய் வளர்ந்த வரிகள்,
மெல்லிசாக, அடுக்கடுக்காக,
நாங்கள் கீறாதவை.
பாலிஷ் போட இருவருக்கும் கை வரவில்லை.

திங்கட்கிழமை, மூணாம் நம்பர் கவுன்டர்.
பர்தாவுக்கு மேல் கறுப்புக் கயிற்றில் அது.
பில் கட்ட வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு,
"பாவக்காயாம்மா?"

"வத்தல் சார்.
சில்லறையா குடுங்க, அறுபத்திரெண்டு."