இறக்கம்

காலை ஏழு இருபது, வாழைச்சேனை பஸ்.
சில்லறையை எண்ணிக் கையில் வைத்திருக்கிறேன்,
மிச்சம் கேட்க நேராதபடிக்கு.
"எங்க மகள்?"
பையில் அச்சடித்த பல்கலைக்கழகப் பெயரை
அவர் பக்கமாகத் திருப்புவேன்.
வாசித்துக்கொள்வார்.

வந்தாறுமூலை வந்ததும்
யாராவது சொல்வார்கள்: "கெம்பஸ் இறக்கம்."
அவர்களுக்குப் பின்னால் இறங்கிவிடுவேன்.
இரண்டு வருடமாக
மற்றவர்களின் தொண்டையில்தான்
வகுப்புக்குப் போய் வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை, நூலகம் மட்டும் திறந்திருந்த நாள்,
பஸ்ஸில் வேறு மாணவர் இல்லை.
வாசல் கடந்தது.
மாவடிவேம்பு கடந்தது.
சித்தாண்டியில் ஒரு அம்மா கோழிக்கூடையோடு இறங்க
நானும் இறங்கினேன்,
அங்கேதான் அலுவல் என்பதுபோல
மணிக்கூட்டைப் பார்த்து
கோயில் பக்கம் நாலடி நடந்து
பஸ் மறைந்த பிறகு
திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை மண்விஞ்ஞானம்.
வெள்ளம் நின்ற வயலுக்குப் போட்ட யூரியா
எங்கே போகிறது என்று
இங்கிலீஷில் கேட்டார் சேர்.
எனக்குத் தெரியும்.
உயர்தரத்தில் தமிழில் படித்த சொல்,
நைதரசனிறக்கம்.
பார், இங்கேயும் ஒரு இறக்கம்.
இங்கிலீஷ் சொல்லும் தெரியும்,
டீ நை ட்ரி ஃபி கே ஷன்,
ஆறு துண்டு.
மூன்றாம் துண்டில் நாக்கு இடறுமோ
என்று நினைத்ததும் காது சுட்டது.
முன்வரிசையில் அனோஜிதனின் கை உயர்ந்தது.
அவன் சொன்னது பாதி பிழை.
"குட்" என்றார் சேர்.

கொப்பியின் ஓரத்தில்
மற்றப் பாதியை எழுதினேன்.
ஸபீனா எட்டிப் பார்த்தாள்.
"தெரியுமெண்டா ஏன்டி சொல்லல்ல?"
அந்தக் கேள்விக்கும்
எனக்குப் பதில் தெரியும்.

காற்றுப் புகாத சேற்றில்
நைத்திரேற்று நிற்பதில்லை.
வாயுவாகி, குமிழாகி,
வேரைத் தொடாமல் மேலே போய்விடும்.
போட்ட பசளையில் குறைவில்லை.
மண்ணும்
நல்ல மண்தான்.

பெறுபேறு ஒட்டிய அன்று
சுட்டெண் நூற்றிப்பதினேழுக்கு ஏ பிளஸ்.
"ஆரடா இந்த நூற்றிப்பதினேழு?"
என் தோளுக்கு மேலால் ஒருவன் கேட்டான்.
தெரியாதென்று
நானும் உதட்டைப் பிதுக்கினேன்.

பிறகு பிரசன்டேஷன், பத்து நிமிடம்.
வாளி நிரம்பும் சத்தத்துக்குள் குளியலறையில் ஒத்திகை.
பைப்பை நிறுத்தினால்
நானும் நின்றுவிடுவேன்.
இரண்டு கிழமையில்
வீட்டுத் தண்ணீர்ப் பில் ஏறியதுதான் மிச்சம்.

அன்றைக்கு பஸ் நிறைய கெம்பஸ் பிள்ளைகள்.
யாரும் சொல்ல முதல்
நான் சொல்லிவிட வேண்டுமென்று
ஏறாவூரிலிருந்தே அந்தச் சொல்லை
அவித்த மரவள்ளி மாதிரி
வாய்க்குள் புரட்டிக்கொண்டு வந்தேன்.
சூடு தாங்கவில்லை.

"இறக்கம்!"

யாருடைய குரலோ, அவ்வளவு பெரிதாய்.
பஸ் நின்றது.
செங்கலடிச் சந்தி.

எல்லாத் தலையும் திரும்பியது.
"கெம்பஸ் இன்னும் கிடக்கு மகள்."
"இல்ல, இங்கதான்," என்றேன்.
பொய்தான். ஆனாலும்
ஒரே காலையில் இரண்டாவது வசனம்.

கச்சான் காற்று முகத்தில் மண்ணை வீசியது.
சப்பாத்துக்குள் கல்.
தெருவோரம் படுத்திருந்த ஒரு மாட்டுக்கு
ஆறு துண்டையும் சொல்லிக்காட்டினேன்.
அது அசை போட்டது.
இன்னொரு தரம் சொன்னேன், உரக்க.
சைக்கிளில் போன ஒருவர்
திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.
போகட்டும்.

வியர்த்து ஒழுகிப் போய்ச் சேர்ந்தேன்.
"தனுஷ்டிகா கோணேசமூர்த்தி" என்று கூப்பிட்டார்கள்.
சிலர் திரும்பி
அது யாரென்று தேடினார்கள்.

கை நடுங்கியது.
திரையைப் பார்த்தபடியேதான் பேசினேன்.
மூன்றாம் துண்டில் நாக்கு இடறியது,
நின்று,
முதல் துண்டிலிருந்து மறுபடி சொன்னேன்.
எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"கேள்வி ஏதும்?" என்றார் சேர்.
விசிறி சுற்றியது.
அனோஜிதன் பேனையை மூடினான்.
ஒருவரும்
ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கேள்வியாவது
கேட்டிருக்கலாம்.