மூக்கு எடை

கையேட்டின் இருநூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்
சின்ன எழுத்தில் இருந்தது:
பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் நானூற்றைம்பது கிலோ.
அதற்கு மேல் ஒரு பொட்டலம் உப்பும் கூடாது.

பைக் நூற்றுத் தொண்ணூற்றாறு.
டிரெய்லர் நூற்றெழுபது.
இரண்டு தரம் கூட்டினேன்.
மருந்தை மில்லிகிராமில் நிறுப்பவள்,
கிலோவை லேசில் நம்பமாட்டேன்.

தனசேகரன் சோபாவில் ஒருக்களித்துக் கிடந்தார்,
முதுகெலும்பில் நாலு திருகாணியோடு.
"இழுத்துக்கொண்டு போனா அது பைக் இல்லை, சாமான்" என்று
இருபது வருஷம் வெரூலம் முழுக்கச் சொன்ன வாய்
தேநீரில் நனைத்த ரஸ்கைத் தின்றுகொண்டிருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஃபீனிக்ஸில் லுங்கெலோவின் பட்டறை.
பம்பரைக் கழற்றியதும் என் கார்
பல்செட் எடுத்த முகம்போல் ஆகிவிட்டது.
"இந்தச் சின்னதா இழுக்கப்போவுது?"
அடியிலிருந்து வெளியே வராமலே கேட்டான்.
"இந்தச் சின்னதுதான்."
மத்தியானத்துக்குள் பின்னால் ஓர் இரும்புக் கழுத்து,
நுனியில் எலுமிச்சை அளவு குண்டு.
கிரீஸ் தடவி,
ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கீறி
அதற்குக் குல்லாவும் போட்டுவிட்டான்.

ஏழு ஊசிப் பிளக்.
இடது விளக்கைப் போட்டால் வலது கண்ணடித்தது.
மஞ்சள் கம்பியும் பச்சைக் கம்பியும்
வீடு மாறிக் குடியேறியிருந்தன.
மாற்றிய பிறகு, பார்த்துச் சொல்ல ஆளில்லாமல்,
பிரேக்கை மிதித்து
எதிர்ச் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று
கண்ணாடியில் பார்த்தேன்.
விழுந்தது.

சனிக்கிழமை
நானும் நாத்தனார் மோகாம்பரியும்
பலகைச் சரிவில் பைக்கை ஏற்றினோம்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்,
"கிளட்ச்! கிளட்ச்!"
பட்டைகள் நாலு. ராட்செட்டை இழுக்க இழுக்க
முன் ஃபோர்க் அமுங்கி,
தும்மலை அடக்குகிறவனைப்போல்
பைக் மூச்சைப் பிடித்து நின்றது.

குளியலறை எடை மெஷினை எடுத்து வந்தேன்.
அதன் மேல் ஒரு கட்டை,
கட்டை மேல் டிரெய்லரின் மூக்கு.
பன்னிரண்டு.
போதாது. மூக்கு லேசானால்
இறக்கத்தில் வால் தலையெடுக்கும்,
நம்மையும் சேர்த்துக் குறுக்கே போட்டுவிடும்.
பைக்கை ஒரு முழம் முன்னால் தள்ளினோம்: ஐம்பத்தெட்டு.
காரின் பின்புறம் குந்திக்கொண்டது,
முன் விளக்கு மாமரத்துக் குரங்கைத் தேடியது.
ஒரு சாண் பின்னால்.
முப்பத்தெட்டு. சரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று
இதே மெஷினில்தான் அவரை நிறுத்தேன்.
அந்த எண்ணை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

பின்னால் எடுப்பதுதான் பெரும்பாடு.
வண்டி இடப்பக்கம் போக, கை வலப்பக்கம் போகணும்.
பள்ளி மைதானத்தில் மூன்று முறை டிரெய்லர் மடங்கி
என் கதவருகே வந்து முறைத்தது.
நாலாவது முறை வெட்கப்பட்டதுபோல் நேராகப் போனது.

ஞாயிறு விடியலில் கிளம்பினோம்.
அண்டர்பர்க் வரை நான்.
அங்கிருந்து, டாக்டர் பேரம் பேசி ஒப்புக்கொண்ட
பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டும் அவர்.
எண்பதை நான் தாண்டவில்லை.
கரும்பு லாரிகூட ஹாரன் அடித்துக் கடந்தது.
என் கண்ணாடி நிறைய பைக்கின் ஒற்றைக் கண்.

இருபது நிமிஷம் பேசாமல் வந்தார்.
முதுகு திரும்பாது.
வெயில் மறைப்பை இறக்கி
அதிலிருந்த குட்டிக் கண்ணாடியில்,
பொட்டு வைக்கப்போகிறவரைப்போல் பார்த்தார்.
"இடது பட்டை ஆடுது."
"நுனிதான் ஆடுது. கட்டு ஆடலை."
இன்னும் கொஞ்சம் பார்த்தார்.
மறைப்பை ஏற்றவில்லை.

மேரியான்ஹில் டோலில்
சாவடிப் பெண் எட்டிப் பார்த்து
ஒரு வண்டிக் காசு கேட்டாள்.
"ரெண்டு இல்லையா?" என்றார்,
யாரோ தன்னைக் கணக்கில் விட்டுவிட்டதுபோல.
"பின்னால வர்றது இதோட சேர்த்தி, பாபா."
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டார்.

தடுப்பு உயர்ந்தது.
முதல் கியர்.
பாரம் ஒரு கணம் எங்களைப் பின்னுக்கு இழுத்தது,
அப்புறம் வந்தது.